மஞ்சப்பை நிறைய மாத்திரை

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மொத்தம் நாலு டாக்டர். சர்க்கரைக்கு ஒருத்தர், இதயத்துக்கு ஒருத்தர், கிட்னிக்கு ஒருத்தர், முழங்காலுக்கு ஒருத்தர். நாலு பேருக்கும் நாலு ஃபைல். நாலு ஃபைலும் நாலு கலர். அப்பா மட்டும் ஒருத்தர்தான்!

கல்யாணம், காதுகுத்து என்று போகிற இடத்தில் யாராவது "அப்பா எப்படி இருக்கார்?" என்று விசாரித்தால், "எந்த டிபார்ட்மென்ட்டைக் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். பெரிய ஜோக் அடித்துவிட்டதாக நினைப்பு வேறு. 2022 நவம்பரில், தீபாவளி பட்சணமெல்லாம் தீர்ந்துபோன ஒரு வாரத்தில், விடியற்காலை நாலரை மணிக்கு அந்த ஜோக் செல்லாத நோட்டாகிவிட்டது.

அம்மா வந்து எழுப்பினாள். "டேய், அப்பா என்னமோ உளர்றார்டா. என்னைப் பார்த்து 'மேனேஜர் சார், லெட்ஜர் டேலி ஆகலை'ங்கறார்."

அப்பா கூட்டுறவு பண்டகசாலையில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதினவர். கனவில் லெட்ஜர் வருவது சகஜம். ஆனால் இது கனவு இல்லை. கண் திறந்திருந்தது. பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. பக்கத்தில் அம்மா ஆற்றிக் கொடுக்க முயன்ற காபி பாதி சிந்திக் கிடந்தது. சர்க்கரை வியாதிக்காரர் ஆச்சே என்று அதில் ஒரு சிட்டிகை கூட சர்க்கரை போடாமல் கலந்திருந்தாள். அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்பட்ட ஒரே பொருள் சர்க்கரைதான் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

108க்கு போன் போட்டேன். வண்டியில் வந்த தம்பி விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "சுகர் 48 சார்" என்றார்.

"நல்லா குறைஞ்சிருக்கே!" என்றேன் நான். (சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். இருபத்திரண்டு வருஷமாக 'சுகர் கூடிடுச்சு, சுகர் கூடிடுச்சு' என்று மட்டுமே கேட்டுப் பழகிய குடும்பம்.)

அந்தத் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு குளுக்கோஸ் ஏற்ற ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் அப்பா தெளிந்துவிட்டார். "எதுக்குடா ஆட்டோவுக்கு இவ்வளவு சத்தம்?" என்று கேட்டார். சைரனைத்தான் சொல்கிறார். சரி, திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தால், விடவில்லை. காலைக் கட்டை விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. ரத்தத்தில் கிரியாட்டினின் எகிறியிருந்தது. அட்மிஷன்.

முதல் இரண்டு நாள் ரவுண்ட்ஸ் நடந்தது. இதய டாக்டர் வந்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். "ஹார்ட்டைப் பொறுத்தவரை ஓகே" என்றார். போனார். கிட்னி டாக்டர் வந்தார். "கிட்னி கொஞ்சம் டல். பார்ப்போம்" என்றார். போனார். சர்க்கரை டாக்டர் சார்ட்டைப் பார்த்தார். "இப்ப கன்ட்ரோல்ல இருக்கு" என்றார். போனார். குறை சொல்லவில்லை. அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்தார்கள். வெளியே நாற்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று பேரும் போன பிறகு அப்பா என்னிடம் கேட்டார்: "ஹார்ட்டும் ஓகே, சுகரும் ஓகே, கிட்னி கொஞ்சம்தான் டல்லுன்னா நான் ஏண்டா இங்க படுத்திருக்கேன்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருந்தது ஒரு நர்ஸிடம்.

மூன்றாம் நாள் காலையில் அந்த சிஸ்டர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஊசி போடவோ பெட்ஷீட் மாற்றவோ வரவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த ஆஸ்பத்திரியில் நாலைந்து வியாதி சேர்ந்தாற்போல் உள்ளவர்களைத் தனியாகக் கவனிக்க இவரை வைத்திருக்கிறார்களாம். அட்மிஷனில் ஆரம்பித்து வீட்டுக்குப் போன பிறகும் இவர்தான் பொறுப்பு.

"அப்பா, நல்லாத் தூங்கினீங்களா?" என்று ஆரம்பித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், வீட்டுல அப்பா சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்றார்.

"ஃபைல்ல லிஸ்ட் இருக்கே சிஸ்டர்."

"லிஸ்ட் வேண்டாம் சார். மாத்திரை வேணும். டப்பா, அலமாரி, தலகாணிக்கு அடியில, சாமி படத்துக்குப் பின்னால... எங்க எது இருந்தாலும் அள்ளிட்டு வாங்க. கசாயப் பொடி இருந்தா அதுவும்."

எனக்கு லேசாகச் சுருக்கென்றது. 'டாக்டர்கள் பார்த்த ஃபைலை விட்டுட்டு நர்ஸ் மாத்திரை எண்ணப் போறாங்களாக்கும்' என்று ஓர் அலட்சியம். அதை வாய் விட்டும் சொல்லித் தொலைத்தேன், கொஞ்சம் நாகரிகமாக. "இதெல்லாம் டாக்டர்தானே சிஸ்டர் பார்க்கணும்?"

சிஸ்டர் சிரித்தார். "நீங்க என்ன சார் படிச்சிருக்கீங்க?"

"பி.காம்."

"எத்தனை வருஷம்?"

"மூணு."

"நான் நாலு வருஷம் சார்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் பேசாமல் வீட்டுக்குப் போய் மஞ்சப்பையை எடுத்தேன். அரியர்ஸ் இல்லாமல் மூன்று வருஷத்தில் முடித்தேனா என்று அவர் கேட்காமல் விட்டதே பெரிய புண்ணியம்.

பை நிறைந்துவிட்டது. சிஸ்டர் அதைக் கட்டிலில் கொட்டினார். மளிகைக் கடையில் சரக்கு இறக்கின மாதிரி இருந்தது. அட்டை அட்டையாகப் பிரித்து வரிசை கட்டினார். மொத்தம் 14 தினுசு. பிறகு ஒவ்வோர் அட்டையையும் திருப்பி, பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, அதோடு பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் நிஜப் பெயரை மட்டும் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டே வந்தார். ஒரு பக்கம் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது. இன்னொரு பக்கம் வீட்டில் உண்மையாகச் சாப்பிடுவது. நடுவில் ஒரு கோடு.

எனக்குத் திக்கென்றது. இது எனக்குத் தெரிந்த வேலை! பி.காம். இரண்டாம் வருஷம். ஒரு பக்கம் கேஷ் புக், ஒரு பக்கம் பாஸ் புக். இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஒவ்வோர் அயிட்டமாக டிக் அடித்துக்கொண்டு வர வேண்டும். தமிழ் மீடியத்தில் 'வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்' என்பார்கள். எத்தனை தடவை போட்டிருப்பேன்! ஆஸ்பத்திரியிலும் இதற்கு ரீகன்சிலியேஷன் என்றுதான் பெயராம். சொந்த அப்பா விஷயத்தில் ஒரு தடவை கூட நான் அதைப் போட்டுப் பார்த்ததில்லை.

"இதைப் பாருங்க சார்" என்று இரண்டு அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். ஒன்று பச்சை, ஒன்று வெள்ளி. வேறு வேறு கம்பெனி. வேறு வேறு பெயர். பொடி எழுத்தைப் படித்தேன். வெள்ளி அட்டையில் கிளிமிபிரைடு. பச்சை அட்டையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது.

"பேருதான் வேற. உள்ள இருக்கற ஆள் ஒருத்தர்தான். அப்பா ரெண்டையும் சாப்பிட்டுட்டிருக்கார்."

நடந்தது இதுதான். 2022 ஜூலையில் சர்க்கரை டாக்டர் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாகப் புதிய கூட்டு மாத்திரையை எழுதினார். அப்பா காதில் அது 'புதுசா ஒண்ணு சேர்த்துக்குங்க' என்று விழுந்திருக்கிறது. வீட்டில் மருந்து கொள்முதல் இலாகா என்னுடையது. மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கினால் மெடிக்கல் ஷாப்பில் பத்து சதவீதம் தள்ளுபடி. நான் பழைய சீட்டுக்கும் வாங்கினேன், புதுச் சீட்டுக்கும் வாங்கினேன். இரண்டுக்கும் தள்ளுபடி கிடைத்ததில் எனக்குப் பரம திருப்தி.

சிஸ்டர் அதோடு விடவில்லை. ஓர் ஓரத்தில் கிடந்த முழங்கால் வலி மாத்திரையைத் தொட்டார். "இது யார் எழுதினது?"

அதுவும் அடியேன்தான். போன வருஷம் முழங்கால் டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தது. வலி வரும்போதெல்லாம் காலி அட்டையைக் கடையில் காட்டி 'இதே மாதிரி பத்து குடுங்க' என்று வாங்கி வந்துகொண்டிருந்தேன். அக்டோபரிலிருந்து தினமும் இரண்டு.

சிஸ்டர் விளக்கினார். அதட்டாமல், குழந்தைக்குச் சொல்கிற மாதிரியும் இல்லாமல், ஒரு பெரிய மனுஷனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். சில பிரஷர் மாத்திரை, நீர் பிரியறதுக்கான மாத்திரை, வலி மாத்திரை, இந்த மூன்றும் ஓர் உடம்பில் சேர்ந்தால் கிட்னி திணறும். வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், அதனால் கால் வீங்கும். கிட்னி மந்தமானால் சர்க்கரை மாத்திரை சட்டென்று வெளியேறாமல் உடம்பிலேயே தங்கி வேலை செய்துகொண்டிருக்கும். அதுவும் இரட்டை டோஸ். அன்றைக்கு ராத்திரி அப்பா வலியில் சரியாகச் சாப்பிடாமல் வேறு படுத்துவிட்டார். விடியற்காலை 48.

நாலு டாக்டர், நாலு ஃபைல் என்று தனித்தனியாக நான் வைத்திருந்ததெல்லாம் உள்ளே ஒரே லெட்ஜராகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் போட்ட தப்பு என்ட்ரி இன்னொரு பக்கத்தில் போய் விழுந்திருக்கிறது. அந்தத் தப்பு என்ட்ரியைப் போட்டவன் நான்.

வராந்தாவில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். கேன்டீனில் டீ வாங்கினேன். குடிக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது சிஸ்டர் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நீர் மாத்திரை அட்டையில மட்டும் கணக்கு இடிக்குதேப்பா. வாங்கின தேதியைப் பார்த்தா தீர்ந்திருக்கணும். நிறைய மிச்சம் இருக்கே?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "வெளியூர் போற அன்னிக்கு முழுங்கறதில்லம்மா. பஸ்ல அவசரம்னா எங்க நிறுத்தச் சொல்றது? ரெண்டு தடவை வேஷ்டி நனைஞ்சுபோச்சு. யார்கிட்ட சொல்ல?" என்றார்.

எழுபத்தொரு வயது மனுஷர். எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

"அவ்வளவுதானேப்பா? வெளியூர் போற அன்னிக்கு எந்த நேரத்துல சாப்பிடலாம்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதித் தரேன். சாப்பிடாம மட்டும் இருக்காதீங்க" என்றார் சிஸ்டர், சர்வ சாதாரணமாக.

அவர் போன பிறகு, "இதை ஏம்ப்பா டாக்டர்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன்.

"அவர் நின்னுக்கிட்டே கேட்டார்டா. இந்தப் பொண்ணு உக்காந்து கேட்டுது" என்றார் அப்பா.

மருந்தை நிறுத்தவோ மாற்றவோ நர்ஸுக்கு அதிகாரம் இல்லை. சிஸ்டர் தன் பேப்பரை எடுத்துக்கொண்டு போய் பெரிய டாக்டரைப் பார்த்தார். அவர் மற்ற டாக்டர்களோடு போனில் பேசினார். சாயங்காலம் தீர்ப்பு வந்தது. கிளிமிபிரைடு உள்ள அட்டை இரண்டும் அவுட். வலி மாத்திரை அவுட். கேஸ் மாத்திரை ஒன்றே இரண்டு பெயரில் இருந்தது, அதில் ஒன்று அவுட். சத்து மாத்திரையும் அப்படியே. 14 போய் 9 ஆனது. சர்க்கரைக்கு மட்டும் இனி இன்சுலின் ஊசி. வலிக்கு, கிட்னியைப் படுத்தாத வேறு மாத்திரை, அதுவும் தேவைப்பட்டால் மட்டும், கேட்டுவிட்டு.

அடுத்த மூன்று நாளும் அந்தக் கட்டில்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். சிஸ்டர் டீச்சர். முதல் பெஞ்சில் அம்மா. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், இப்போது விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள்.

மருந்து சார்ட்டில் எழுத்தே கிடையாது. காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை. சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் காலித் தட்டு, பின்னால் என்றால் சோறு உள்ள தட்டு. ஒவ்வொரு கட்டத்திலும் நிஜ மாத்திரை ஒன்றை செலோ டேப் போட்டு ஒட்டியிருந்தார்.

"அம்மா, இன்சுலின் பாட்டிலை எங்க வைப்பீங்க?"

"ஃப்ரிட்ஜுல. மேல, ஐஸ் கட்டி இருக்கற எடத்துல."

"ஐயோ, அங்க வைக்கக் கூடாது. உறைஞ்சுட்டா மருந்து வீண். இட்லி மாவுக்குப் பக்கத்துல வைங்க, போதும்."

என் முறை வந்தது. நம் ஊரில் இன்சுலின் பாட்டில் இரண்டு வலுவில் வருகிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். "கடையில எது இருக்கோ குடுங்கன்னு வாங்கிடாதீங்க சார்" என்றார். 'தள்ளுபடி' என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் காதில் விழுந்தது.

சுகர் 70க்குக் கீழே போனால், அல்லது வியர்த்து நடுக்கம் வந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவே இல்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, உடனே 108. அம்மா மூன்று தடவை ஒப்பித்தாள். சர்க்கரை போடாத காபி அவள் மனசில் முள்ளாக இருந்திருக்க வேண்டும்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் இளநீராகக் கொண்டுவந்து குவித்தார்கள். சிஸ்டர் அத்தனையையும் என் தலையில் கட்டினார். "நீங்க குடிங்க சார். அப்பாவுக்கு வேண்டாம். இளநீர்ல பொட்டாசியம் அதிகம். நல்ல கிட்னி வெளியேத்திடும். மந்தமான கிட்னியால முடியாது. ரத்தத்துல கூடினா இதயத் துடிப்பையே கெடுக்கும்." வியாதிக்காரரைப் பார்க்கப் போகும்போது இளநீர் வாங்கிப் போவதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்த பரம்பரை நாங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று பில் 68,000 ரூபாய் சொச்சம். கட்டிவிட்டு வந்து, சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டை நாலாக மடித்து நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். முகம் மாறவில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு எடை மெஷின் வாங்கிடுங்க சார். தினமும் காலையில, பாத்ரூம் போயிட்டு வந்து, சாப்பிடறதுக்கு முன்னால அப்பாவை ஏத்தி நிறுத்துங்க. நோட்டுல எழுதுங்க. ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ கூடினா அது சதை இல்லை, தண்ணி. எனக்கு போன் பண்ணுங்க."

நோட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் உருகிப்போய்ச் சின்னவனானதைப் போல் எந்த இன்டர்வியூவிலும் ஆனதில்லை.

எடை மெஷின் வந்தது. அப்பாவுக்கு அதில் ஒரே குஷி. ரிட்டயர் ஆனபின் முதல் தடவையாக எழுதுவதற்கு ஒரு கணக்கு கிடைத்துவிட்டது! நீள நோட்டில் கோடு போட்டார். தேதி, ஆரம்ப இருப்பு, இன்றைய இருப்பு, வித்தியாசம், குறிப்பு. 61.2. 61.0. 61.3. குறிப்பு: 'நேற்று அப்பளம் 1.'

மூன்றாம் நாள் சிஸ்டரிடமிருந்து போன் வந்தது. ஏழாம் நாள் மறுபடி. பிறகு வாரம் ஒன்று. என்னிடம் ஒரு நிமிஷம், அம்மாவிடம் பத்து நிமிஷம்.

2023 ஜனவரி கடைசியில் ஒரு கல்யாணம். அப்பா பந்தியில் உட்கார்ந்து ஊறுகாய், அப்பளம், வத்தக்குழம்பு என்று ஆனந்தமாகச் சாப்பிட்டார். மறுநாள் 61.9. அதற்கு மறுநாள் 62.6. மூன்றாம் நாள் 63.4.

"கல்யாண சாப்பாடு உடம்புல ஒட்டிருக்கு" என்றேன் நான், வழக்கமான மேதாவித்தனத்துடன்.

அம்மா என் பேச்சை மதிக்கவே இல்லை. நேராகப் போய் போனை எடுத்தாள். "சிஸ்டர், 61.2லேருந்து 63.4. கால்ல அமுக்கினா பள்ளம். ராத்திரி ரெண்டு தலகாணி வெச்சுத்தான் படுத்தார்." ஒரு வார்த்தை வீண் இல்லை. சீனியர் டாக்டர் ஒருவர் ஜூனியருக்கு கேஸ் சொல்வது மாதிரி.

காலையிலேயே வரச் சொன்னார் சிஸ்டர். பெரிய டாக்டர் பார்த்தார். நீர் மாத்திரையை நாலு நாளைக்கு மாற்றிக் கொடுத்தார். ஒரு ரத்தப் பரிசோதனை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம். ஐந்தாம் நாள் நோட்டில் 61.5. குறிப்பு: 'ஊறுகாய் நிறுத்தம்.'

செலவு, ஆட்டோ உள்பட 1,150 ரூபாய். அந்த போன் போகாமல் இருந்திருந்தால் இன்னொரு ராத்திரி, இன்னொரு 108, இன்னொரு 68,000. பணத்தை விடுங்கள். மூச்சு முட்டி எழுந்து உட்காரும் அப்பாவைப் பார்த்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா என்று வாசலில் நிற்க வேண்டியிருந்திருக்கும்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? இது எங்களுக்கு மட்டும் அடித்த யோகமா, இல்லை கணக்கு உண்டா என்று தேடிப் பார்த்தேன். உண்டு. அமெரிக்காவில் மேரி நெய்லர் என்பவர், அவரே ஒரு நர்ஸ், ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் 65 வயது தாண்டிய 363 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். 1999ல் அது வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பேருக்குத் தேர்ந்த நர்ஸ் ஒருவர் ஆஸ்பத்திரியிலேயே வந்து பார்த்து, வீட்டுக்குப் போனபிறகும் நேரிலும் போனிலும் தொடர்ந்தார். 24 வாரத்துக்குள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் முதல் கோஷ்டியில் 37 சதவீதம். நர்ஸ் கவனித்த கோஷ்டியில் 20 சதவீதம். செலவும் ஏறக்குறைய பாதி.

'விளக்கேந்திய மங்கை' என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கூட அடிப்படையில் கணக்குப்புலி. லண்டன் புள்ளியியல் சங்கத்தில் 1858ல் சேர்ந்த முதல் பெண் அவர். போர்க்களத்தில் செத்த சிப்பாய்களில் காயத்தால் செத்தவர்களைவிட வியாதியால் செத்தவர்கள் அதிகம் என்று படம் போட்டுக் காட்டினார். நாம் விளக்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம். கணக்கை விட்டுவிட்டோம்.

நம் ஊரிலும் நடக்காமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே போனது. படுத்த படுக்கையானவர்களைப் பார்க்க நர்ஸ்களும் பிசியோதெரபிஸ்டுகளும் போனார்கள். 2024ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதுகூட அதற்குக் கிடைத்தது. கிராமத்தில் இருக்கும் என் சித்தி, "மாசாமாசம் ஒரு பொண்ணு வந்து கையில பட்டை கட்டி பிரஷர் பார்த்துட்டு, 'ஏன் மாத்திரை மிச்சம் இருக்கு?'ன்னு சண்டை போடறா" என்று பெருமையாகக் குறைப்பட்டுக்கொள்வாள்.

இப்படிச் சண்டை போடுகிறவர்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் சம்பளம் பரிதாபமாக இருக்கிறது என்று வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2016ல் ஒரு கமிட்டி போடப்பட்டது. 50 படுக்கைக்கும் குறைவான சின்ன ஆஸ்பத்திரியில் கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் கமிட்டி சிபாரிசு செய்தது. 'சிபாரிசு' என்ற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கொள்ளவும்.

2024 ஜூனில் ஒரு நாள் சிஸ்டர் போன் பண்ணினார். வழக்கமான நாள் இல்லை. அம்மாதான் எடுத்தாள். வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டதாம். அடுத்த வாரம் கிளம்புகிறாராம். "ரெண்டு பிள்ளைங்க படிப்பு இருக்கும்மா" என்றாராம். அம்மா "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய் வெகு நேரம் வெங்காயம் உரித்தாள். அன்றைக்குக் குழம்பில் வெங்காயமே இல்லை.

அவர் இருந்த இடத்துக்கு ஆள் போட ஆஸ்பத்திரிக்கு ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அப்பாவை அட்மிட் பண்ணும் அவசியம் வரவில்லை. வியாதி எதுவும் குணமாகிவிடவில்லை. நாலும் அப்படியேதான் இருக்கின்றன. நோட்டு மட்டும் நாலாவது நோட்டு.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாமி வந்தார். மாமாவுக்கு இரண்டு நாளாகத் தலைசுற்றலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது. "புதுசா ஆறு மாத்திரை குடுத்திருக்காங்க. பழசையும் சேர்த்துத்தான் குடுக்கறேன். எதுக்கும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு டாக்டர்கிட்ட போலாம்னு..."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வீட்டுல இருக்கற எல்லாத்தையும் அள்ளிட்டு வாங்க. தலகாணிக்கு அடியில இருக்கறதும். இப்பவே."

ஐந்து நிமிஷத்தில் மஞ்சப்பை வந்தது. அம்மா அதை டீப்பாயில் கவிழ்த்தாள். என் பேப்பரைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள்.

"நாம எதையும் நிறுத்தவும் கூடாது, மாத்தவும் கூடாது. எழுதி மட்டும் குடுப்போம், டாக்டர் பார்த்துக்குவார்" என்று மாமியிடம் சொல்லிவிட்டு, முதல் அட்டையைத் திருப்பி என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"பொடி எழுத்தைப் படிடா. பி.காம்.தானே நீ?"